அப்பாவின் சின்ன வெள்ளை மாத்திரை

சனிக்கிழமை காலை கோலாலம்பூரில் ரயில் ஏறினால், மதிய சாப்பாட்டுக்கு முன்னால் புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். அப்பா அங்கே நின்றுகொண்டிருப்பார். தலையில் பழைய தொப்பி, கையில் கார் சாவி. நான் இறங்கியதும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா பாப்பா?" எனக்கு வயது 36. வானொலியில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவள். அப்பாவுக்கு மட்டும் நான் இன்னும் பாப்பாதான்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. தம்பி நின்றான். கண்கள் சிவந்திருந்தன. "அக்கா, பயப்படாதே. அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. இப்ப பரவாயில்லை" என்றான். "பயப்படாதே" என்று சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது?

நடந்தது இதுதான். அப்பாவுக்குப் பத்து வருஷமாக இனிப்பு நீர். கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. வீட்டில் குத்திப் பார்த்தால் 13 காட்டியது. நர்ஸ் திட்டுவாரே என்ற கவலை அவருக்கு. பக்கத்து வீட்டு மாமா உதவிக்கு வந்தார். "என்னோட மாத்திரை நல்ல பவர். ரெண்டு மூணு நாளைக்குப் போட்டுப் பாருங்க, சர்ருன்னு இறங்கும்" என்று ஓர் அட்டையை நீட்டியிருக்கிறார். மூன்று நாள் அப்பா தன் மருந்தோடு அதையும் சேர்த்துப் போட்டார். மூன்றாவது நாள் வெள்ளிக்கிழமை, விரதம். ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிட்டார்.

நள்ளிரவில் அம்மா எழுந்து பார்த்தபோது தலையணை நனைந்திருந்தது. அப்பா உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். அம்மா முதலில் காத்துப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேடினார். தம்பிதான் விரலைக் குத்திப் பார்த்தான். 2.6. சீனி அள்ளிப்போட்ட மைலோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிட்டார்?"

அம்மா சொன்ன பதில், "சின்ன வெள்ளை மாத்திரை டாக்டர்."

"அம்மா, எங்க ஃபார்மசியில சின்ன வெள்ளை மாத்திரை நூறு வகை இருக்கு" என்றாராம் அந்த டாக்டர். பாவம், அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் பெயர் தேவைப்பட்டது. அதிகாலை இரண்டு மணிக்குத் தம்பி பக்கத்து வீட்டு மாமாவை எழுப்பி, அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக் காட்டினான். கிளிபென்கிளமைட், 5 மில்லிகிராம்.

பெயர் தெரிந்ததும் டாக்டர் அப்பாவை வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த மருந்தின் வேலை சீக்கிரம் முடியாதாம். சர்க்கரை ஒருமுறை ஏறிவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம். வயதானவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். அப்போது எடுத்த ஈசிஜியில்தான் இன்னொரு கதை வெளியே வந்தது.

"முதல் ஏற்றம்தான் கஷ்டம்"

"மார்பில் வலி, இறுக்கம் ஏதாவது உண்டா ஐயா?" என்று கேட்டார் அடுத்த நாள் பார்க்க வந்த டாக்டர். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அப்பா "ஒண்ணுமில்லை" என்றார். அம்மா குறுக்கிட்டார். "செரோக் தோக்குன்ல நடக்கும்போது உட்கார்ந்துடுறாரே, அதைச் சொல்லுங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செரோக் தோக்குன் தெரியும். புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்துக் காடு. விடிந்தும் விடியாத நேரத்தில் பாதி ஊர் அங்கேதான் நடக்கும். அப்பாவும் நடப்பார். முதல் ஏற்றத்தில் நெஞ்சில் ஒரு பிடி வருமாம். மரத்தடியில் ஐந்து நிமிஷம் உட்காருவார். பிடி விட்டுவிடும். பிறகு அதே ஏற்றத்தில் மறுபடி ஏறினால் ஒன்றும் செய்யாதாம். "பழைய வண்டிம்மா. சூடானாதான் ஓடும்" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஐயா சொல்றது ரொம்பப் பழைய அறிகுறி. ஆனா நல்ல அறிகுறி இல்லை" என்றார். பின்னர் எடுத்த ஆஞ்சியோகிராமில் ஒரு ரத்தக்குழாய் நன்றாகவே அடைத்திருந்தது தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது அப்பா நலம்.

ஆனால் அந்த டாக்டர் வார்டில் நின்றுகொண்டே பத்து நிமிஷத்தில் சொன்ன ஒரு விஷயம் என் தலையை விட்டுப் போகவில்லை. "உங்க அப்பா ராத்திரி மயங்கினதும் மலையில வலி விட்டதும் ஒரே மாதிரி வாசல் சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார். சர்க்கரை மாத்திரைக்கும் மலை ஏற்றத்துக்கும் என்ன வாசல்? ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவளுக்கு உயிரியல் எட்டாத பாடம். ஆனாலும் விடவில்லை. தேடிப் படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். இந்த வாரம் அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

உடம்புக்குள் ஓர் அணைக்கட்டு

பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த சொல், மைட்டோகாண்ட்ரியா. தமிழில் இதற்கு "இழைமணி" என்று அழகான பெயர் இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் அதே பொருள்தான்: இழை, மணி. நம் உடம்பின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நுண்ணிய மின்நிலையங்கள் இவை. இதயத் தசை உயிரணுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை இழைமணிகளே பிடித்துக்கொள்கின்றன. ஏன் அவ்வளவு? ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிற உறுப்பு அது. ஏடிபி என்ற எரிபொருளை நாள் ஒன்றுக்கு ஆறு கிலோ அளவுக்குச் செய்து செய்து செலவழிக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதயத்தின் எடையோ அரைக் கிலோகூட இல்லை!

இந்த மின்நிலையம் எப்படி வேலை செய்கிறது? திரெங்கானுவின் கென்யிர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நீரைத் தேக்கி, அது பாய்ந்து இறங்கும் வேகத்தில் சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். இழைமணியின் உட்சவ்வும் ஓர் அணைச்சுவர்தான். தேங்குவது தண்ணீர் அல்ல, மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன் துகள்கள். அவை திரும்பப் பாயும்போது ஒரு குட்டிச் சக்கரம் சுற்றி ஏடிபியைச் செய்கிறது. இந்தக் கருத்தைச் சொன்ன பீட்டர் மிச்சலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அணை என்றால் சுவரில் ஓட்டை இருக்கக் கூடாது. ஆனால் மதகு வேண்டும். இழைமணியின் சுவரிலும் அப்படிச் சில மதகுகள் உண்டு. பொட்டாசியத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று என்று தனித்தனி வாசல்கள். மின்னேற்றம் கொண்ட துகளுக்கு அயனி என்று பெயர். அதனால் இவை அயனி வாசல்கள். தேவைப்படும்போது திறந்து, தேவை முடிந்ததும் மூட வேண்டும். தப்பான நேரத்தில் திறந்தாலும் மூடினாலும் அணைக்கே ஆபத்து. நாம் விழுங்கும் சில மாத்திரைகளின் வேலை, இப்படிப்பட்ட வாசல்களைத் திறப்பதும் மூடுவதும்தான்.

விறகு அறுத்தவரும் நாய்களின் இதயமும்

அப்பாவின் "சூடானால் ஓடும்" கதை புதிதல்ல. மார்புவலியை முதன்முதலில் விரிவாக எழுதியவர் வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர். அவர் இறந்தபின் 1802-இல் வெளிவந்த நூலில் ஒரு நோயாளி வருகிறார். தினமும் அரை மணி நேரம் விறகு அறுப்பதை வேலையாக வைத்துக்கொண்டார். அவருடைய வலி ஏறக்குறைய குணமாகிவிட்டது என்று குறித்திருக்கிறார் ஹெபர்டன். காரணம் அப்போது யாருக்கும் தெரியாது.

1986-இல் அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்ற மூவர் நாய்களின் இதயத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ரத்தக்குழாயை 40 நிமிஷம் அடைத்தால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போகும். ஆனால் அதற்கு முன்னால் ஐந்தைந்து நிமிஷமாக நான்கு முறை அடைத்து, இடையிடையே திறந்து விட்டால்? சேதம் கால் பங்காகக் குறைந்தது. சின்ன அடிகளைப் பட்ட இதயம் பெரிய அடிக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டது. மலை ஏற்றத்தில் அப்பாவின் இதயமும் இதையொத்த வித்தையைத்தான் செய்திருக்கலாம் என்றார் டாக்டர். முதல் ஏற்றம் சின்ன அடி.

இந்தத் தற்காப்பை எந்த வாசல் நடத்துகிறது? 1992-இல் கிராஸ், ஆச்சம்பாக் என்ற இருவர் அதே சோதனைக்கு முன்னால் நாய்களுக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தற்காப்பு மறைந்துவிட்டது. அந்த மருந்து எது தெரியுமா? கிளிபென்கிளமைட். பக்கத்து வீட்டு மாமாவின் சின்ன வெள்ளை மாத்திரை!

படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 1999-இல் இத்தாலிய மருத்துவர்கள் மார்புவலிக்காரர்களை ஓடுபொறியில் இரண்டு முறை நடக்க வைத்தார்கள். வழக்கமாக இரண்டாவது நடை முதலாவதைவிடச் சுலபமாக இருக்கும். கிளிபென்கிளமைட் கொடுத்த பிறகு அந்தச் சலுகை இதயத்துக்குக் கிடைக்கவில்லை.

ஒரே வாசல், இரண்டு வீடு

இப்போது டாக்டர் சொன்ன வாசலுக்கு வருவோம். இது பொட்டாசியம் வாசல். ஏடிபி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் திறந்து மூடும் காவல்காரன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுவின் வெளிச்சுவரில் இது இருக்கிறது. நாம் சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை கூடும், உள்ளே ஏடிபி கூடும், வாசல் மூடும். உடனே கால்சியம் உள்ளே வந்து இன்சுலினை வெளியே தள்ளும். கிளிபென்கிளமைட் என்ன செய்கிறது என்றால், சாப்பாட்டுக்குக் காத்திராமல் அந்த வாசலைத் தானே அடைத்துவிடுகிறது. சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. விரதமிருந்த வெள்ளிக்கிழமை ராத்திரியிலும் அப்பாவின் கணையம் இன்சுலினை ஊற்றிக்கொண்டே இருந்தது இதனால்தான்.

இதயத்திலோ அதே வகை வாசலுக்கு வேறு வேலை. ரத்தம் குறைந்து, பிராணவாயு குறைந்து, ஏடிபி இறங்கும்போது அது திறக்க வேண்டும். திறந்தால் இதயத் தசை கொஞ்சம் அடக்கி வாசித்து எரிபொருளை மிச்சம் பிடிக்கும். கணையத்தில் மூட வேண்டிய வாசல், இதயத்தில் ஆபத்து நேரத்தில் திறக்க வேண்டிய வாசல். ஒரே மாத்திரை இரண்டு வீட்டுக்கும் போகிறது.

இதே போன்ற வாசல் இழைமணியின் உட்சுவரிலும் உண்டு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1991-இல் எலியின் ஈரலில் கண்டார்கள். இதயத்தின் தற்காப்பில் வெளிச்சுவர் வாசலைவிட இந்த உள்வாசலுக்கே பங்கு அதிகம் என்று 1997-இல் டயாசாக்சைடு என்ற மருந்தை வைத்து ஓர் அமெரிக்கக் குழு வாதிட்டது. பல வருஷம் சண்டை. அப்படி ஒரு வாசலே இல்லை என்றவர்களும் உண்டு. கடைசியில் 2019-இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகக் குழு அந்த வாசலைக் கட்டும் புரதங்களை அடையாளம் காட்டி, அவற்றில் ஒன்றுக்கு மிட்டோக் என்று பெயரும் வைத்தது. ஒரு வாசலைப் பார்த்ததற்கும் அது எதனால் ஆனது என்று சொன்னதற்கும் இடையே 28 வருஷம்!

திறக்கும் மாத்திரை

மூடுகிற மாத்திரை இருந்தால் திறக்கிற மாத்திரையும் இருக்க வேண்டுமே. இருக்கிறது. நிக்கோராண்டில். ஜப்பானில் 1984 முதல் மார்புவலிக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதய மருத்துவர்கள் சாதாரணமாக எழுதும் மருந்து. சென்னையில் இருக்கும் என் சித்தப்பாவின் மருந்துப் பெட்டியில்கூட இருந்தது. எத்தனையோ முறை பார்த்தும் நான் பெயரைப் படித்ததில்லை.

நிக்கோராண்டிலுக்கு இரண்டு கை. ஒரு கையால் ரத்தக்குழாயை விரிக்கிறது. இன்னொரு கையால் பொட்டாசியம் வாசல்களைத் திறக்கிறது, இழைமணியின் வாசலையும் சேர்த்து. பிரிட்டனில் 5,126 மார்புவலிக்காரர்களிடம் இதைச் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். இதய நோயால் மரணம், மாரடைப்பு, மார்புவலியால் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்வது ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்தவர்கள் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 15.5. நிக்கோராண்டில் சாப்பிட்டவர்களில் 13.1. சின்ன வித்தியாசம்தான், ஆனால் உண்மையான வித்தியாசம். அதில் இழைமணி வாசலின் பங்கு எவ்வளவு, விரிந்த குழாயின் பங்கு எவ்வளவு என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதிலும் எச்சரிக்கை உண்டு. சிலருக்கு வாயில் ஆறாத புண் வரும். வயகரா வகை மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாக விழும். வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைக்கிற ஆண்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

ஜெயிக்காத கதையும் உண்டு

இப்படி எழுதும்போது எல்லாம் வெற்றிக்கதை போலத் தோன்றலாம். இல்லை. அடைத்த ரத்தக்குழாயைத் திறந்துவிட்டதும் ரத்தம் திரும்பிப் பாய்கிற அந்த நேரமே இதயத்துக்கு இன்னோர் அடி. கால்சியம் தன் வாசல் வழியாக இழைமணிக்குள் வெள்ளமாகப் புகுகிறது. கொள்ளளவு மீறினால் சுவரில் ஒரு பெரிய துளை திறந்து, அணையே உடைந்ததுபோல் மின்நிலையம் நாசமாகிறது. அந்தத் துளையை அடைக்கும் மருந்து ஒன்று கையிலேயே இருந்தது. சைக்ளோஸ்போரின். நார்வே மலைப்பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பிறந்தது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்குத் தெரிந்த பெயர். 2008-இல் 58 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது சேதம் குறைந்தது. உலகமே எதிர்பார்த்தது. 2015-இல் 970 பேரிடம் சோதித்த முடிவு வந்தது. ஒரு பலனும் இல்லை. நாயிடமும் எலியிடமும் ஜெயித்தது மனிதனிடம் ஜெயிக்கும் என்று உறுதியில்லை.

இந்தக் கால்சியம் வாசல் கதையில் வேலூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் 1990-களில் மாதேஷ் முனிசாமி என்ற இளம் ஆய்வாளர், கே.ஏ. பாலசுப்ரமணியனோடு சேர்ந்து ஒரு கேள்வியைத் துருவிக்கொண்டிருந்தார். குடலுக்கு ரத்தம் நின்று மறுபடி பாய்ந்தால் அதன் இழைமணிகளுக்கு என்ன ஆகிறது என்பதே அது. பிறகு அமெரிக்கா போனார். இழைமணியின் கால்சியம் வாசல் எந்தப் புரதம் என்று 2011-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒன்று பதுவாவில், இன்னொன்று இந்திய வம்சாவளி அமெரிக்கரான வம்சி மூதாவின் ஆய்வுக்கூடத்தில். அடுத்த வருஷமே மாதேஷின் குழு, அந்த வாசலில் தேவையில்லாத நேரத்தில் கால்சியத்தை உள்ளே விடாமல் நிற்கும் காவல்காரப் புரதத்தின் வேலையை விளக்கியது. வாசலும் காவல்காரனும் தெரிந்த பிறகுதான் அதற்குப் பொருந்தும் மருந்தைத் தேட முடியும். அந்தத் தேடல் இன்னும் நடக்கிறது.

அப்படியானால் அந்த மாத்திரை விஷமா?

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் கிளிபென்கிளமைடைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். நான் பயந்துபோய் முதலில் கேட்டதும் அதைத்தான். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

கிளிபென்கிளமைட் கோடிக்கணக்கானவர்களின் சர்க்கரையைக் குறைந்த செலவில் கட்டுப்படுத்திய மருந்து. இப்போது டாக்டர்கள் பலர், குறிப்பாக வயதானவர்களுக்கு, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு மாத்திரைகளையே விரும்புகிறார்கள். இதயத்தைவிடக் கணையத்தின் வாசலையே அதிகம் நாடும் கிளிக்லசைட் அதில் ஒன்று. இன்னோர் உறவான கிளிமெபிரைடை 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆறு வருஷத்துக்கு மேல் பார்த்து 2019-இல் முடிவு சொன்னார்கள். ஒப்பிட்ட புதிய மருந்தைவிட இதயத்துக்கு அது கெடுதல் செய்யவில்லை. சர்க்கரை தாழ்ந்துபோவது மட்டும் அதிகம். ஆகவே ஆய்வுக்கூடத்து வாசலை வைத்து மட்டும் ஒரு மாத்திரையைக் குற்றவாளியாக்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. பிறந்து சில மாதங்களிலேயே நீரிழிவு வரும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கணையத்தின் அந்தப் பொட்டாசியம் வாசல் மரபணுக் கோளாறால் மூடவே மூடாது. வாழ்நாள் முழுக்க ஊசி என்று எழுதப்பட்ட விதி. வாசலை மூடும் மாத்திரைதான் கையில் இருக்கிறதே என்று இந்தக் குடும்ப மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளிவந்த முடிவில் 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டுவிட்டார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆய்வு நிலையத்திலும் மரபணுச் சோதனை செய்து இப்படிப்பட்ட குழந்தைகளை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்பாவை மயங்க வைத்த மாத்திரையே ஒரு குழந்தைக்கு ஊசியிலிருந்து விடுதலை.

மருந்து கெட்டதல்ல. யாருக்கு, எப்போது, எதனோடு என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டு மாமா நல்லவர். அவருக்கு அந்த மாத்திரை ஒத்துப்போகிறது. அதை அப்பாவுக்குக் கொடுத்த அன்புதான் ஒத்துப்போகவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31. அதாவது சாப்பாட்டு மேசையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் ஒருவரிடம் மாத்திரை டப்பா இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இனிப்பு நீரோடு கூடவே வருவது இதய நோய். அதனால் கணையத்து வாசலும் இதயத்து வாசலும் நமக்கு வெறும் விஞ்ஞானச் செய்தி அல்ல, வீட்டுச் செய்தி.

நம் வீடுகளில் மாத்திரைகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். சீனி மாத்திரை. கொதிப்பு மாத்திரை. காலையில போடுற ரோஸ் கலர். ராத்திரி பெருசு. மைசூர் பாகு எந்தக் கடையில் நல்லது என்று நம் பெற்றோருக்குத் தெரியும். பத்து வருஷமாக விழுங்கும் மருந்தின் பெயர் தெரியாது. அதைக் கேட்காத பிள்ளைகளாகிய நமக்கும் தெரியாது. நான் மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறவள். அப்பாவின் கைத்தொலைபேசிக்குப் புதுச் செயலி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் மருந்து அட்டையை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்காக, எப்போது. கீழே சிறுநீரகப் பரிசோதனை முடிவும் ஸ்டென்ட் வைத்த தேதியும். ஒரு பிரதி குளிர்பெட்டியின் கதவில், ஒன்று அப்பாவின் பணப்பையில், ஒன்று எங்கள் இருவரின் கைப்பேசியில். நாட்டு மருந்து, வேர், பொடி, யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாத்திரை எல்லாவற்றுக்கும் அதே தாளில் ஒரு வரி. ஃபார்மசியில் கேட்டால் அட்டையைப் பார்த்து விளக்கம் சொல்கிறார்கள். கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

அரை மணி நேர வேலை. அதிகாலை இரண்டு மணிக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்காது.

போன வாரம் ஊருக்குப் போனேன். அப்பா ஸ்டேஷனில் நின்றார். அதே தொப்பி. காரில் ஏறியதும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். "அவருக்குத் தன் மாத்திரை பேரு தெரியாது பாப்பா. நான்தான் படிச்சுச் சொன்னேன். கி-ளி-பென்-கி-ள-மைட்." ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்தார். வானொலியில் செய்தி வாசிப்பவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

மாமா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். வயது 71, சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, டாக்டர் அவருடைய மாத்திரையையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் யாருடைய மாத்திரை டப்பாவைத் திறக்கப் போகிறீர்கள்? அடுத்த வாரம் சந்திப்போம்.